ஐம்பத்தாறாம் நாள்

கடைசி லாரி காலியானபோது மணி நாலு பத்து.
ஏழாம் தளத்தின் தென்மேற்கு மூலையில்
வைப்ரேட்டரை அணைத்தான் சோம்ரா.
அப்புறம்தான் தெரிந்தது
இரவு முழுக்க நாங்கள் கத்திக்கொண்டே பேசியிருக்கிறோம் என்று.
ஏற்காட்டிலிருந்து இறங்கும் ஏதோ ஒரு வண்டியின் வெளிச்சம்
ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும்
அணைந்து, பிறகு கொஞ்சம் கீழே தோன்றியது.
அது ஊருக்குள் வந்து சேரும்வரை
யாரும் ஒன்றும் பேசவில்லை.

சித்திரைப் பகலில் ஊற்றினால்
ஈரம் பறந்து மேல்தோல் வெடிக்கும்.
அதனால் ராத்திரி வேலை, கலவையில் ஐஸ்.
"கல்யாண வீட்டு ரோஸ்மில்க் மாதிரி" என்றாள்
லிஃப்ட் ஓட்டும் பாவாயி.
நான் கூம்பில் நிரப்பினேன், தூக்கினேன்,
சரிவை அளந்தேன்: நூற்றிருபது.
ஏழாவது லாரி, பதினொன்றாவது, பத்தொன்பதாவது,
லாரிக்கு ஆறு வீதம்
பதினெட்டுக் கனசதுரம்.
ஈரச் சாக்குக்கு அடியில் படுக்க வைத்தேன்.

விடிந்தபோது மேக்னசைட் மேடுகள்
எங்களைப் போலவே வெளுத்துக் கிடந்தன.

பத்து மணிக்கு விழா.
மேலே யாரும் கால் வைக்கக்கூடாது,
ஒரு காக்கை மட்டும் நடந்து பார்த்திருந்தது.
ஆகவே கீழே,
மழைநீர்த் தொட்டியின் மூடிமேல் மேடை,
இரண்டு வாழைமரம்,
'நிறைவுத் தளம்' என்று துணியில் எழுதிய பேனர்
(பிளெக்ஸ் வைத்தால் மதிப்பெண் குறையுமாம்),
பாக்குமட்டைத் தட்டில் தட்டுவடை செட்,
பேப்பர் கப்பில் மாம்பழச் சாறு.

முதலாளி மைக் பிடித்தார்.
மேற்கே ஜன்னலைக் குறைத்ததைச் சொன்னார்,
கூரையில் வரப்போகும் சோலாரைச் சொன்னார்,
இத்தனை டன் கார்பன்
வானத்துக்குப் போகாமல் நிறுத்திவிட்டோம் என்றார்.
இன்னும் ஒரு மழை பார்க்காத தொட்டி,
எட்டு லட்சம் லிட்டர் வெறுமை,
அவர் சொன்னதையெல்லாம் அடியிலிருந்து
ஒருமுறை திரும்பச் சொன்னது.
கைதட்டலையும்.

இரண்டாம் தளத்தில் முட்டுகளுக்கு நடுவே
நாற்பது பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.
பச்சமுத்து போய் ஸ்பீக்கரைத்
தெருப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்தார்.
அன்றைக்கு நடந்த பேச்சுகளில்
எனக்குப் பிடித்தது அதுதான்.

"லேப் பொண்ணு யாரும்மா? ஸ்ட்ரெங்த் எவ்வளவு வந்திருக்கு?"
"இன்னும் தெரியாது சார்."
எல்லாரும் சிரித்தார்கள், நான் ஏதோ வெட்கப்பட்ட மாதிரி.
"எப்போ தெரியும்?"
"ஐம்பத்தாறு நாள்."
"எல்லா இடத்துலயும் இருபத்தெட்டுதானே?"
"இதுல சிமென்ட் பாதி, மேட்டூர்ச் சாம்பல் பாதி சார்.
சாம்பல் மெதுவாத்தான் இறுகும்."
எரிந்து முடிந்த ஒன்று
மறுபடி ஒன்றைத் தாங்கப் பழகுவதற்கு
நாள் ஆகும் என்று சொல்ல நினைத்தேன்.
மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

ஏப்ரல் இருபத்து மூன்றோடு ஐம்பத்தாறு கூட்டினால்
ஜூன் பதினெட்டு.
அதற்குள் சோம்ரா ஓசூர் போயிருப்பான்,
வேறொரு மூலையில் வேறொரு வைப்ரேட்டர்.
பாவாயியின் லிஃப்டைக் கழற்றி எடுத்துப் போயிருப்பார்கள்,
நிஜ லிஃப்ட் வந்திருக்கும், ஓட்ட ஆள் வேண்டாதது.
இந்தக் கட்டடம் முழு பலத்துக்கு வரும் நாளில்
இதை ஊற்றிய ஒருவரும் இங்கே இருக்க மாட்டோம்,
என்னையும் அந்தப் பதினெட்டில் மிச்சத்தையும் தவிர.

சாயங்காலம் எழுந்து, பல் விளக்கியபடி
லேப் வாசலில் வந்து நின்றான் சோம்ரா.
தட்டுவடை தீர்ந்துவிட்டிருந்தது.
எனக்கென்று எடுத்து வைத்த ஒரு செட்டைக் கொடுத்தேன்.
காரம் ஏறிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே
உடைந்த தமிழில் கேட்டான்:
"அக்கா, அது எவ்ளோல உடையும்?
போன் பண்ணு. நம்பர் மட்டும் சொல்லு போதும்."

ரிஜிஸ்டரைத் திறந்தேன்.
தேதி, லாரி எண், சரிவு, வெப்பம்.
'வலிமை' என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.
பக்கத்து ஓரத்தில், பென்சிலால்,
அவன் சொல்லச் சொல்லப் பத்து இலக்கம் எழுதி
ஒருமுறை படித்துக் காட்டினேன்.